குடும்பக் குழு: புதிய பட்டுப்புழு மனைக்கு ஒயரிங்

பாலக்கோடு அக்கா, காலை 7.12
புழு மனை பூச்சு வேலை முடிந்துவிட்டது. அடுத்த வாரம் ஒயரிங். வீட்டிலிருந்து 130 அடி தள்ளி இருக்கிறது. 3 கே.வி.ஏ. ஜெனரேட்டரும் வந்துவிட்டது. கரண்ட் போனால் மனையில் இருக்கும் பிளக் பாயின்டிலேயே ஜெனரேட்டர் ஒயரைச் செருகிக்கொள்ளலாம், தனிச் செலவு எதற்கு என்கிறார் ஒயரிங் செய்பவர். சித்தப்பா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சித்தப்பா, 7.31
வேண்டவே வேண்டாம் அம்மா. அந்த ஒயருக்கு இரண்டு முனையிலும் பிளக் இருக்கும். ஒரு முனை கழன்றால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஊசியில் 230 வோல்ட் நிற்கும்.

சித்தப்பா, 7.34
அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. மெயினை அணைக்காமல் விட்டால் மின்சாரம் உங்கள் மீட்டர் வழியாகக் கம்பத்துக்கே திரும்பிப் போகும். 11,000 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் அதே டிரான்ஸ்ஃபார்மர், கீழ்ப்பக்கத்திலிருந்து மின்சாரம் ஏறினால் மேல்பக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திவிடும். லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவன் என்ன ஆவான்? நானும் கம்பம் ஏறிப் பிழைத்தவன்தான்.

சின்னத் தம்பி, 7.40
மெயினை அணைத்துவிட்டுச் செருகினால் சரிதானே சித்தப்பா?

சித்தப்பா, 7.46
இரவு இரண்டு மணி, மழை, கூடு கட்டுவதற்கு முந்தைய ஐந்தாம் பருவப் புழு. டார்ச்சோடு ஓடுகிற உன் அக்காவுக்கு அப்போது மெயின் ஞாபகம் வருமா? ஞாபகமே தேவைப்படாதபடி செய்ய வேண்டும். மனைக்குள் டபுள் போல் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வையுங்கள், இரண்டு கம்பியையும் ஒன்றாக மாற்றுவது, நடுவில் ஆஃப் நிலை உள்ளதாகப் பார்த்து. ஃபேஸ் (மின்சாரம் வரும் கம்பி), நியூட்ரல் (திரும்பிப் போகும் கம்பி) இரண்டும் சேர்ந்து மாற வேண்டும். ஒரு பக்கம் வீட்டு லைன், மறுபக்கம் ஜெனரேட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே வழியில்லை.

மாமா, 8.05
இன்னும் ஒரு சங்கடம். ஒவ்வொரு வளர்ப்புக்கும் முன்னால் கிருமி போக மனை முழுக்க பிளீச்சிங் பவுடர் கரைசல் அடிக்கிறோம். பழைய மனையில் சுவிட்ச் பெட்டியைத் திறந்தால் திருகாணி முழுக்கத் துரு, செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கிறது. சுவர் ஈரமாக இருக்கும்போது கை வைத்தால் சுரீர் என்கிறது.

சித்தப்பா, 8.14
சுரீர் என்கிற சுவரை அப்படியே விட்டுவைக்காதீர்கள் மாப்பிள்ளை. இன்றே அந்த மனையின் மெயினை அணைத்துவிடுங்கள். புதியதில் இரும்புப் பெட்டி வேண்டாம், ரப்பர் விளிம்போடு மூடுகிற பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்கள். கரைசல் அடிப்பதற்கு முன் மெயின் ஆஃப். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம், மின்சாரம் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச் அது. அதைச் சேஞ்ச்ஓவருக்குப் பிறகு வையுங்கள், அப்போதுதான் இரண்டு மின்சாரத்துக்கும் காவல் இருக்கும்.

சின்னத் தம்பி, 8.20
ஜெனரேட்டரில் ஆர்.சி.சி.பி. வேலை செய்யாது என்று ஒருவர் சொன்னாரே?

சித்தப்பா, 8.33
பாதி உண்மை. சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது. கசியும் மின்சாரம் திரும்பிப் போக வழி இல்லையென்றால் ஆர்.சி.சி.பி.க்கு எதுவும் தெரியாது, டிரிப் ஆகாது. ஜெனரேட்டர் முனையிலேயே நியூட்ரலை எர்த்தோடு இணைக்க வேண்டும். நியூட்ரலும் மாறுகிற சேஞ்ச்ஓவர் இருந்தால் மட்டுமே இதைச் செய்யலாம். வீட்டு லைன் நியூட்ரலை எர்த்தோடு கட்டவே கூடாது. உரிமம் உள்ளவரிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள்.

பாலக்கோடு அக்கா, 8.41
எர்த் வீட்டில் இருக்கிறதே, அது போதாதா?

சித்தப்பா, 8.52
மனைக்கும் ஒரு குழி தோண்டுங்கள். 2.5 மீட்டர் ஜி.ஐ. பைப், சுற்றிலும் கரியும் உப்பும். நம் பக்கம் பாறை, கோடையில் மண் காய்ந்துவிடும். ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்துத் தோண்டி, வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். வீட்டிலிருந்து எர்த் கம்பியையும் கேபிளோடு கொண்டுவந்து இதோடு சேர்க்க வேண்டும். கேபிள் ஆர்மர்ட் ஆக, அதாவது இரும்புக் கவசம் உள்ளதாக இருக்கட்டும், இரண்டரை அடி ஆழம், மணல் போட்டு மேலே செங்கல் வரிசை. மல்பெரித் தோட்டத்தில் மண்வெட்டி விழாத நாள் உண்டா?

மாமா, 9.03
ஜெனரேட்டரை மனைக்குள்ளேயே ஓரமாக வைக்கலாமா?

சித்தப்பா, 9.06
கூடாது. புகையில் புழு சாகும், உள்ளே படுத்திருக்கும் ஆளும் சாவான். காற்று எந்தப் பக்கமிருந்து மனைக்கு வருகிறதோ அதற்கு மறுபக்கத்தில், புகை ஜன்னலுக்கு வராத தூரத்தில் தனிக் கூரை போடுங்கள்.

பாலக்கோடு அக்கா, 9.15
சரி சித்தப்பா. அந்த எலக்ட்ரீஷியனிடம் உரிமச் சான்றிதழ் கேட்டிருக்கிறேன், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்க்கிறோம். பழைய மனை மெயினை உங்கள் மாப்பிள்ளை இப்போதே அணைத்துவிட்டார்.

சித்தப்பா, 9.18
நல்லது. ஒயரிங் முடிந்ததும் ஜெனரேட்டரை ஓடவிட்டு ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பிறகு நியூட்ரல், எர்த் சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று சோதனை மீட்டர் வைத்தும் பார்க்கச் சொல்லுங்கள், பொத்தான் அதைக் காட்டாது. நான் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறேன், மீட்டர் கொண்டுவருகிறேன்.