பழைய மின்சார கார்: எல்எஃப்பி பேட்டரியின் செல் அளவுகள் தேவை

நண்பர்களே, பயன்படுத்திய மின்சார கார் வாங்குபவர்களுக்காக பேட்டரி சோதனைக் குறிப்பு ஒன்று தயாராகிறது. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் உதவுங்கள். என்ஜின் ஆயில், கிளட்ச், டைமிங் பெல்ட் என்று எந்தச் செலவும் இல்லாத வண்டிதான். ஆனால் பேட்டரி பழுதானால் அந்த லாபம் முழுக்கப் போய்விடும்.

சிக்கல் இதுதான். எல்எஃப்பி செல்லின் (பேட்டரிக்குள் இருக்கும் தனி மின்கலத்தின்) வோல்டேஜ், சார்ஜ் 30 முதல் 80 சதவீதம் வரை இருக்கும்போது 3.3 வோல்ட் பக்கத்திலேயே நிற்கும். பாதி சார்ஜில் பார்த்தால் பின்தங்கிய செல்லும் நல்ல செல்லும் ஒன்றுபோலவே தெரியும். 100 சதவீதத்தை நெருங்கும்போதுதான் குட்டு வெளிப்படும்: ஒரு செல் 3.6 வோல்ட்டைத் தொட்டிருக்க, பக்கத்துச் செல் 3.4-இலேயே இருக்கும். எப்போதும் 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திய வண்டிகளில் இதைக் கவனியுங்கள். செல்களைச் சமன்செய்ய பிஎம்எஸ்ஸுக்கு (பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு) வாய்ப்பே கிடைத்திருக்காது. திரை காட்டும் சதவீதமும் மெல்லத் தவறிப்போகும். மிச்சம் இருப்பதாக நம்பி ஓட்டுபவர் நடுவழியில் நிற்க நேரிடும்.

ஓபிடி கருவியில் (காரின் சோதனை இணைப்பில் செருகி அளவுகளைப் படிக்கும் கருவி) அதிகபட்ச, குறைந்தபட்ச செல் வோல்டேஜை மூன்று முறை குறித்துத் தாருங்கள்: 50 சதவீதத்தில், 100 தொட்டவுடன், பிளக்கைக் கழற்றாமல் இன்னும் நான்கு மணி நேரம் விட்ட பிறகு. வீட்டு ஏசி சார்ஜரில் மட்டும் செய்யுங்கள். பேட்டரி வெப்பநிலை, ஓடிய கிலோமீட்டர், 12 வோல்ட் துணை பேட்டரியின் வயது ஆகியவையும் வேண்டும். என்எம்சி (நிக்கல் மாங்கனீசு கோபால்ட்) பேட்டரியின் அளவுகள் இப்போதைக்கு வேண்டாம், அதன் வோல்டேஜ் போக்கே வேறு.