மறு: கிளர்ச்சியா, கிளர்வா? வெள்ளிக்குள் சொல்லுங்கள்

அன்புள்ள குழுவினருக்கு,
வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டிய கட்டுரை தலைப்பிலேயே நிற்கிறது. 'காந்த மீக்கடத்திகளில் கிளர்ச்சிகள்: ஒளிச்சிதறல் ஆய்வு' என்று போட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் "எந்த ஊரில் கிளர்ச்சி?" என்று கேட்டுவிட்டார். மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருளான மீக்கடத்தி, ஆற்றலை வாங்கி மேல்நிலைக்கு எழுவதைத்தான் சொல்கிறேன். இந்த 'எக்ஸைட்டேஷன்' என்பதற்கு வேறு சொல் உண்டா?

*

> எந்த ஊரில் கிளர்ச்சி?

கிளர்வு என்று மாற்றிவிடுங்கள். 'கிளர்வு நிலை' பழகிய சொல்தான். உணர்ச்சி–உணர்வு இணையைப் பாருங்கள்: சி வந்தால் கொந்தளிப்பு, வு வந்தால் அடக்கம். அதோடு, கிளர்தல் எழுவது மட்டுமல்ல, ஒளிர்வதும்தான். நம்மாழ்வார் 'கிளரொளி' என்கிறார். ஒளிகொண்டு ஆராயும் துறைக்கு இதைவிடப் பொருத்தமான வேர் ஏது?

*

> நம்மாழ்வார் 'கிளரொளி' என்கிறார்

அது வினைத்தொகை ஐயா. அங்கே கிளர்வது ஒளி. இங்கே கிளர்வது படிகம்.

532 நானோமீட்டர் பச்சை லேசரை அடிக்கிறோம். சிதறி வருவதில் மிகச் சிறு பங்கின் அலைநீளம் சற்றே கூடியிருக்கிறது. அதாவது ஆற்றல் குறைந்திருக்கிறது. அந்தக் குறைதான் படிகத்துக்குள் தங்கிவிட்ட கணக்கு. இராமனும் கிருஷ்ணனும் 1928-இல் கண்ட அதே விளைவு. தங்கியது தற்சுழற்சி அலையாக, அதாவது அணுக்களின் குட்டிக் காந்தங்களினூடே பரவும் அசைவாக இருந்தால், அதன் ஓர் அலகு மேக்னான். மீக்கடத்தலுக்குக் காரணமான எலக்ட்ரான் ஜோடியை, அதாவது கூப்பர் இணை ஒன்றை உடைத்திருந்தால், அதற்கு ஆற்றல் இடைவெளியைப் (பிரியும் ஓர் எலக்ட்ரானுக்கு ஆகும் குறைந்தபட்ச ஆற்றல்) போல இருமடங்காவது செலவாகியிருக்கும். இரண்டுக்கும் பொதுப்பெயர் வேண்டும், அதுவும் எண்ணக்கூடிய பெயராக. வகுப்பில் 'இரண்டு மேக்னான் சிதறல்' பாடம் நடத்தும்போது "இரண்டு கிளர்வு" என்று சொல்லிப் பார்த்தேன். "இரண்டு தூக்கம்" மாதிரி இருந்தது. 'கிளரி' எனலாமே?

*

கிளரியா? கடத்தி கடத்துவது. அப்படியானால் கிளரி கிளர வைப்பது, அதாவது உங்கள் லேசர்!

*

இல்லை. கடத்து பிறவினை, கிளர் தன்வினை. கிளர்வது கிளரி, கிளர்த்துவதுதான் கிளர்த்தி. லேசருக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

*

இலக்கணம் சரி. மாணவர் ஒருவர் ர-வை ற ஆக்கினால் போதும், கோழி குப்பையைக் கிளறிய கதையாகிவிடும். அப்புறம், தலைப்பில் 'காந்த மீக்கடத்தி' மட்டும் சரியா? மீக்கடத்திக் கம்பி சுற்றிச் செய்யும் காந்தத்தையும் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

*

அது 'மீக்கடத்திக் காந்தம்'; முன்பின் மாறினால் பொருளும் மாறும். இங்கே பேசுவது தனக்குள்ளேயே காந்த அணுக்களை வைத்திருக்கும் பொருளை. எர்பியம் ரோடியம் போரைடை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 8.7 கெல்வினில் மீக்கடத்தியாகிறது. இன்னும் குளிர்வித்தால் 0.9 கெல்வின் அளவில் எர்பியத்தின் காந்தம் ஒரே திசையில் அணிவகுக்க, மீக்கடத்தல் போயே போய்விடுகிறது. இந்தச் சண்டையைக் காட்டக் 'கிளர்ச்சி'யே மேல் என்பேன்!

*

ஐயா, எனக்கு நாளை வெள்ளி. எண்ணிப் பார்த்ததில் கிளர்வுக்கு நால்வர், கிளரிக்கு இருவர், கிளர்ச்சிக்கு ஒருவர். 'கிளர்வுகள்' என்று அனுப்பிவிட்டேன். மேக்னான் மேக்னானாகவே இருக்கிறது.

*

சரி. ஆனால் நாலாம் பக்கத்தில் 'மூன்று கிளர்வுகள்' என்று வருகிறதே, அதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். நான் இன்னும் கிளரிப் பக்கம்தான்.