மெக்சிகோ துப்பாக்கிக் கடத்தல்: அந்த 70 சதவீதம் யார் கணக்கு?

கரிசல்காட்டான்: "மெக்சிகோவில் இருக்கும் கள்ளத் துப்பாக்கிகளில் 70 சதவீதம் அமெரிக்கச் சரக்கு, தெற்கே போகும் வண்டிகளைச் சோதித்தாலே தீர்ந்தது" என்று நேற்று ஒரு மேதாவி எழுதியிருந்தார். இருப்பதில் 70 இல்லை ஐயா. 2014 முதல் 2018 வரை அங்கே பிடிபட்டு, எங்கே வாங்கியது என்று பார்க்க துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் அமெரிக்காவின் ஏடிஎஃப் துறையிடம் கொடுத்ததில் 70. கொடுக்காதவை எந்த நாட்டுச் சரக்கு?

தெற்குச்சீமை: அந்த மேதாவி நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். மெக்சிகோவில் சட்டப்படி துப்பாக்கி விற்பது ராணுவம் நடத்தும் ஒன்றிரண்டு கடைகள். அப்புறம் இத்தனையும் வானத்திலிருந்தா விழுந்தன?

கரிசல்காட்டான்: பதில் வரவில்லை. கொடுத்ததில் 70.

ஹூஸ்டன்வாசி: 12 வருடமாக டெக்சாஸில் இருக்கிறேன். மெக்சிகோவுக்குள் காரில் போகும்போது என்னை யாரும் நிறுத்தியதில்லை. திரும்பும்போதுதான் மணிக்கணக்கில் வரிசை. வேறு ஆள் பெயரில் இரண்டு மூன்றாக வாங்கிக் கொண்டுபோகிறார்கள். அங்கே அதற்கு எறும்புக் கடத்தல் என்றே பெயர். பினாமியாக வாங்குவதைத் தனிக் குற்றமாக்கும் மத்தியச் சட்டமே 2022-இல்தான் வந்தது.

கரிசல்காட்டான்: அந்த 12 வருடத்தைத் தோசைக்கல் பற்றிய விவாதத் திரியிலேயே படித்துவிட்டோம். கொடுத்ததில் 70.

பனங்கூடல்: தடுக்க வேண்டியவர்களே விட்டுப் பார்த்த கதை தெரியாதோ? அரிசோனாவில் பெரிய தலைகளைப் பிடிக்கிறோம் என்று 2009 முதல் ஏடிஎஃப் ஏறத்தாழ 2,000 துவக்குகளைப் பிடிக்காமல் கடத்தல்காரர் கைக்குப் போக விட்டது. 2010 டிசம்பரில் எல்லைக் காவலர் பிரையன் டெர்ரி கொல்லப்பட்ட இடத்தில் அவற்றில் இரண்டு கிடந்தன.

தெற்குச்சீமை: துவக்கா? என்ன, திறப்பு விழாவா?

பனங்கூடல்: யாழ்ப்பாணத்தில் துவக்குத்தான். உங்கள் துப்பாக்கி மட்டும் சங்கத் தமிழோ? அதுவும் துருக்கியிலிருந்து வந்த சொல்.

தெற்குச்சீமை: சொல்லாராய்ச்சிக்கு வேறு திரி இருக்கிறது. மெக்சிகோ அரசே 2021-இல் அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டதே, சும்மாவா?

கரிசல்காட்டான்: போட்டது. 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளியது. அதை மட்டும் வசதியாக மறந்துவிட்டீர்கள். பெட்ரோல் திரியிலும் இதே வேலைதான்.

ஹூஸ்டன்வாசி: 2005-இல் துப்பாக்கி நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு கொடுத்த சட்டத்தைக் காட்டித் தள்ளினார்கள். கடத்தலே நடக்கவில்லை என்று தீர்ப்பில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

கரிசல்காட்டான்: நடக்கவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? கொடுத்ததில் 70 என்றேன். கொடுக்காதவை எந்த நாட்டுச் சரக்கு? நாலாவது முறை கேட்கிறேன்.

தெற்குச்சீமை: இரண்டாவது முறைதான். கணக்கில் புலி என்று பெயர் வேறு.

பனங்கூடல்: திறப்பு விழா என்றவர் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.