சோப்ரானோஸ்: அங்க கொலை விழுறது காசுக்கா, கேலிக்கா?

லேட் நைட் ராஜா:
சோப்ரானோஸ் மறுபடியும் முதல்ல இருந்து ஓட்டி முடிச்சேன். நியூஜெர்சி மாஃபியா பாஸ் டோனியோட கதை, ஹெச்பிஓங்கற அமெரிக்க சேனல்ல 1999ல ஆரம்பிச்சு 2007ல முடிஞ்ச தொடர், மொத்தம் 86 எபிசோட். இன்னும் பாக்காதவங்க இங்கயே திரும்பிடுங்க, கீழ எல்லார் சாவும் வருது.
முதல் தடவ பாத்தப்போ கமிஷன், பதவி, எஃப்பிஐ இதான் கண்ணுல பட்டுச்சு. இந்த தடவ பாத்தா பாதி ரத்தம் யாரோ யாரையோ பாத்து சிரிச்சதாலதான் ஓடுது. ஆளாளுக்கு ஒரு பட்டப்பேர், ஒருத்தன் உடம்ப வெச்சு இன்னொருத்தன் கிண்டல், ஆனா அதே கிண்டல் திரும்பி வந்தா மட்டும் மூஞ்சி மாறிடும். டோனியவே எடுத்துக்கோங்க, தன் ஆளு பாபியோட தொப்பைய பத்தி சீசன் சீசனா ஓட்டுவான், எல்லாரும் சிரிக்கணும். அஞ்சாவது சீசன்ல ஜெயில்ல இருந்து வந்த கசின் டோனி ப்ளண்டெட்டோ நாலு பேர் முன்னாடி இவன் உடம்ப பத்தி ஒரு ஜோக் அடிச்சதுக்கு, இனிமே ஆளுங்க முன்னாடி இப்படி பேசாதன்னு எச்சரிக்கை. சின்ன வயசுலேர்ந்து கூடவே வளந்தவன் கிட்ட! அங்க யாரு பெரியவன்னு தெரியணும்னா யார் கிட்ட பணம் இருக்குன்னு பாக்க வேணாம், யார யாரு கேலி பண்ணலாம்னு பாத்தாலே போதும். இது என் கருத்து, மறுக்கிறவங்க வாங்க.

கணக்குப்புள்ள:
மறுக்கிறேன் தம்பி. கேலி எல்லாம் சாக்கு. அந்தத் தொடர்ல ஒவ்வொரு சண்டைக்கும் அடியில ஒரு கணக்கு இருக்கு, அத விட்டுட்டு மனசு காயம் மனசு காயம்னு பேசினா அது மாஃபியா கதையே இல்ல. நீ அடுத்து ஜூனியர் மாமாவதான் (டோனி அப்பாவோட அண்ணன்) இழுப்பேன்னு தெரியும், முதல் சீசன்ல அவரு டோனிய போட்டுத்தள்ள முடிவு பண்ணது கேலிக்குன்னு எல்லாரும் எழுதுறாங்க. அவரு பேருக்குத்தான் பாஸ், நெஜமான பாஸ் டோனி, இவரு முன்னாடி நின்னு அடி வாங்குற பொம்மை. அது தெரிஞ்சா எந்த பாஸும் அதத்தான் பண்ணுவான்.

லேட் நைட் ராஜா:
ஆமா ஜூனியரதான் இழுக்கப்போறேன் அண்ணே, ஏன்னா 'போகா'ங்கற அந்த எபிசோட ஒதுக்கிட்டு பேசவே முடியாது. ஜூனியருக்கு பாபின்னு ஒரு கேர்ள்ஃப்ரெண்ட் (குண்டு பாபி வேற, இது பொம்பளப் பேர்), படுக்கையில இவரு என்ன பண்ணுவாருன்னு அந்தம்மா பெருமையாதான் யார்கிட்டயோ சொல்லிடுறாங்க, அது வாய் மாறி வாய் மாறி டோனி பொண்டாட்டி கார்மெலா மூலமா அவன் காதுக்கு வந்துடுது. அந்த ஆளுங்க உலகத்துல அது ஆம்பளைக்கு கேவலமாம். கோல்ஃப் ஆடுற எடத்துல டோனி அத வெச்சு கெழவன வறுத்தெடுக்குறான். இத்தன வயசாகியும் ஊரே 'ஜூனியர்'னு கூப்பிடுற மனுஷன், தம்பி பையன் கிட்ட இப்படி அசிங்கப்பட்டு, நேரா போய் அந்தம்மா மூஞ்சில எலுமிச்சை பைய (கேக் மாதிரி இனிப்பு) அப்பி அழ வெச்சிட்டு வந்துடுறாரு. அதுக்கப்புறம்தான் டோனிய முடிக்கிற பேச்சே வருது. இதுல எங்க அண்ணே கணக்கு?

கணக்குப்புள்ள:
நீயே ஒண்ண விட்டுட்ட. டோனி மனநல டாக்டர் கிட்ட போறான்னு அவன் அம்மா லிவியாதான் ஜூனியர் காதுல போடுறா. குடும்பத் தொழில பத்தி ஒரு டாக்டர் கிட்ட உக்காந்து பேசுற பாஸ் அவங்க கண்ணுக்கு பாதுகாப்பு பிரச்சனை. கோல்ஃப் கிண்டல் இல்லன்னாலும் அந்தத் துப்பாக்கி வந்திருக்கும்.

மழைக்காலம்:
உள்ள வரலாமா. ரெண்டு பேரும் ஜூனியர் என்ன நெனச்சாரு டோனி என்ன நெனச்சான்னே பேசுறீங்க, பை வாங்குனது யாரு மூஞ்சின்னு ஒரு நிமிஷம் பாருங்க. கேலி பண்ணது டோனி. அடி வாங்குனது அந்தப் பொம்பள. அவங்க செஞ்ச தப்பு தன் ஆள பத்தி நல்லதா ஒரு வார்த்த சொன்னது மட்டும்தான்.
எனக்கு இந்தத் தொடர் முழுக்க இதுதான் தெரியுது, கிண்டல் பண்ணவனுக்கு ஒண்ணும் ஆகாது, பக்கத்துல நிக்கிற ஒண்ணும் இல்லாதவங்க தலையில போய் விடியும். நாலாவது சீசன்ல நியூயார்க் கும்பல் தளபதி ஜானி சாக் பொண்டாட்டி ஜின்னிய பத்தி டோனி ஆளு ரால்ஃப் ஒரு ஜோக் சொல்றான், அவங்க பின்பக்கத்துலேர்ந்து 95 பவுண்டு மச்சத்த எடுத்தாங்களாம்னு, மேசையே சிரிக்குது. ஜெயில்ல இருந்த டோனியோட இன்னொரு ஆளு பாலி அத ஜானிக்கு போட்டுக் கொடுக்கிறான். ஜானி முதல்ல யார அடிச்சான்? ரால்ஃபையா? ரால்ஃப் கிட்ட வேல பாக்குற டானிங்கற ஒரு சில்லறப் பையன பார்ல போட்டு மிதிச்சு அவன் மேல ஒண்ணுக்குப் போய்ட்டு வர்றான்.

லேட் நைட் ராஜா:
அக்கா செம்ம. கணக்கு அண்ணே, இந்த ஜின்னி விஷயத்துல உங்க காசு தியரி நிக்கவே நிக்காது. நியூயார்க் பாஸ் கார்மைனே ஜானிய கூப்ட்டு ஒரு ஜோக்குக்கு ஆள கொல்ல முடியாது, காச வாங்கிட்டு விடுங்கற மாதிரி பேசுறாரு, ஜானி முடியாதுங்கறான். ரால்ஃப் சாகாம தீராதுன்னு நிக்கிறான். ரெண்டு ஊரு தொழிலும் நாசமாப் போற நெலம.

கணக்குப்புள்ள:
அதே எபிசோட நீ பாதி சொல்ற தம்பி, மீதிய நான் சொல்றேன். ஜானி அடங்கலன்னதும் கார்மைன் என்ன பண்றாரு? ஜானியவே முடிச்சிடலாம்னு டோனிக்கு சாடை காட்டுறாரு. ஏன், ரால்ஃப் நெறைய சம்பாதிச்சுக் குடுக்கிறவன், நதிக்கரை கட்டுமான வேலையில அத்தன பணம் கெடக்கு. சொந்தத் தளபதிய விட அந்த வருமானம் பெருசு. மானம் மானம்னு நின்னவன் சாவுக்குப் பக்கத்துல போய்ட்டான், கேலி பண்ணவன் உயிரோட இருக்கான். இதுல எந்தப் பக்கம் ஜெயிக்குதுன்னு நீயே சொல்லு.
இன்னொண்ணு, நெஜ ஆளுங்களையும் பாப்போம். அல் கபோனுக்கு ஸ்கார்ஃபேஸ்ங்கற பேரு ஆகவே ஆகாது, பெஞ்சமின் சீகல் முன்னாடி பக்ஸின்னு சொல்ல ஒருத்தனுக்கும் தைரியம் கெடையாது. பட்டப்பேர் வலிச்சது உண்மைதான், மறுக்கல. ஆனா சீகல 1947ல பெவர்லி ஹில்ஸ்ல சுட்டப்போ அது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் துப்பு துலங்கலன்னாலும் எல்லாரும் மொதல்ல பேசுறது லாஸ் வேகாஸ் ஃப்ளமிங்கோ ஹோட்டல்ல அவன் கரைச்ச கூட்டாளிங்க பணத்ததான்.

மழைக்காலம்:
கார்மைன் பணத்துக்காக முடிவு எடுத்தாரு, சரி. ஆனா அது நின்னது பணத்தால இல்லயே. ஜானி வீட்டுக்கு வர்றான், டயட்ல இருக்கேன்னு சொன்ன ஜின்னி கீழ ஒளிஞ்சு உக்காந்து மிட்டாய் திங்கிறத பாத்துடுறான். அந்தம்மா உடைஞ்சு அழுவுறாங்க. நீ எப்படி இருந்தாலும் எனக்கு உன்ன புடிக்கும், நான் எப்பவாவது உன்ன மாறச் சொன்னேனாங்கற மாதிரி பேசிட்டு, அப்புறம் எல்லாத்தையும் வாபஸ் வாங்குறான். அந்த ஜோக் ரால்ஃப் மேசையில மட்டும் இல்ல, அவங்க தலைக்குள்ளயும் வருஷக்கணக்கா ஓடிட்டு இருந்திருக்கு. ஜானிக்கு அத அழிக்கணும். ரால்ஃப கொன்னா அழியாதுன்னு அந்த எடத்துலதான் அவனுக்கு உறைக்குதுன்னு நான் படிக்கிறேன். மொத்தத் தொடர்லயும் ஒருத்தன் கேலிய வேற ஒருத்தன் மேல எறக்காம கீழ வெச்ச ஒரே எடம் அதுதான், எனக்கு ரொம்பப் புடிச்ச காட்சியும் அதுதான்.

பழைய டேப்:
நான் பொதுவா எழுதறதில்ல, படிச்சிட்டு போற ஆளு. டோனியோட சொந்தக்காரப் பையன் கிறிஸ்டஃபர யாருமே சொல்லலயேன்னுதான் வந்தேன்.
அஞ்சாவது சீசன்ல ரெண்டு டோனியும் கிறிஸ்டஃபரும் பழைய பொணங்கள எடம் மாத்த பண்ணைக்குப் போவாங்க. பெருசுங்க ரெண்டும் சேந்ததும் சின்ன வயசுல அவன எப்படி ஓட்டுனாங்களோ அதே மாதிரி ஆரம்பிச்சிடும், அவன் திரும்பி வரும்போது தனியா காருக்குள்ள அழுவான். அவன் யாரு, ஆள் கொன்னவன். அந்த அழுகை பத்து வயசுப் பையன் அழுகை. எங்க சொந்தத்துலயும் இப்படி ஒருத்தர் இருக்காரு, நாப்பது வயசாகியும் விசேஷ வீட்டுல பெருசுங்க அவர பழைய பேர வெச்சுத்தான் கூப்பிடும், அவரு சிரிச்சிட்டே இருப்பாரு, எனக்கு பாக்கவே கஷ்டமா இருக்கும்.
கடைசி சீசன்ல அதுவே முத்திடுது. குடிய விட்டவன் மறுபடி குடிச்சிட்டு பாலி கூட சமாதானமா உக்காந்திருப்பான், பாலி இவனோட கைக்குழந்தைய பத்தி ஜோக் அடிப்பான், சுத்தி எல்லா வாயும் சிரிக்கும், கேமரா ஒவ்வொரு மூஞ்சியா காட்டும். எழுந்து எங்க போறான்? ஜேடிங்கற எழுத்தாளன் வீட்டுக்கு. மனசுல இருக்கறத கொட்டுறான், அவன் நீ மாஃபியாவுல இருக்க, இதெல்லாம் எனக்கு வேணாம்னு சொல்றான், சுட்டுட்டு போய்டுறான். சிரிச்சது பாலி, சிரிச்சது டோனி. செத்தது எழுத்தாளன். மழைக்காலம் அக்கா சொன்னதேதான்.

கணக்குப்புள்ள:
பழைய டேப், நீங்க சொன்னது மனச தொட்டுச்சு. ஆனா ஒண்ணு கேக்கறேன். ஜேடி சாவு யாருக்கும் பாதிப்பு இல்லாத சாவு, அதனாலதான் நடந்துச்சு. அதே ராத்திரி பாலிய சுட்டிருந்தா? முடியாது, பாலி காசு கொண்டு வர்ற ஆளு. யார் மேல கோவத்த காட்டலாம்னு முடிவு பண்றது திரும்பவும் காசுதான்.

லேட் நைட் ராஜா:
அண்ணே அது எங்க வாதத்துக்குதானே வலு சேக்குது. அடி எங்க விழுதுன்னு காசு முடிவு பண்ணலாம், அடி எங்க கெளம்புதுன்னா கேலியில. ஜெயில்ல இருந்து வந்த பழைய ஆளு ஃபீச் லா மானா ஞாபகம் இருக்கா? உன்ன சுத்தி இருக்கறவன் எல்லாம் நீ பாஸுங்கறதாலதான் சிரிக்கிறான்னு கார்மெலா சொல்லிடுறா. டோனிக்கு உறுத்துது, சீட்டு மேசையில ஒரு மொக்க ஜோக் சொல்லி பாக்குறான், எல்லாரும் உருண்டு சிரிக்கிறானுங்க, ஃபீச் மட்டும் சிரிக்கல. கொஞ்ச நாள்ல ஃபீச் வீட்டு கராஜ்ல திருட்டு டிவி லோடு, பரோல் ஆபிசர் வாசல்ல, கெழவன் திரும்ப ஜெயிலுக்கு. பொய்யா சிரிச்சவன் எல்லாம் பொழச்சான்!

கணக்குப்புள்ள:
ஃபீச் ஒரு டாக்டர் வீட்டுக் கல்யாணத்துல விருந்தாளிங்க கார தூக்குனான் தம்பி, அந்த டாக்டர் டோனிக்கு வேண்டியவரு. அதுக்கு முன்னாடி தோட்ட வேல ஏரியாவுக்கு பாலி கூட அடிதடி. சொன்ன பேச்சு கேக்காதவன வெளிய அனுப்பினாங்க. சிரிக்கலங்கறது கடைசி சொட்டு.

மழைக்காலம்:
அப்ப அந்தக் காட்சிய இயக்குனர் ஏன் அப்படி எடுக்கணும், ஒவ்வொருத்தன் சிரிப்பையும் ஸ்லோ மோஷன்ல காட்டி டோனி கண்ணு அத எண்ணுறத காட்டி. கார் திருட்டுதான் காரணம்னா அதுக்கு அவ்ளோ நேரம் எதுக்கு.
பாபி பக்காலாவுக்கு வருவோம். டோனி பொறந்தநாளுக்கு ஏரிக்கரை வீடு, நாலு பேரும் குடிச்சிட்டு மோனோபொலி, டோனி சொந்த அக்கா, அதாவது பாபி பொண்டாட்டி ஜானிஸோட பழைய வாழ்க்கைய இழுத்து அசிங்கமா பாட, பாபி நிறுத்துங்கறான், நிறுத்தல, அடிக்கிறான். ஜெயிக்கிறான். மறுநாள் பூரா டோனிக்கு அதே நெனப்பு, சொல்லாம அடிச்சிட்டான், எனக்கு வயசாயிடுச்சு, முன்ன மாதிரி இல்லன்னு கார்மெலா கிட்ட புலம்பல். பாபி இதுவரைக்கும் யாரையும் கொன்னதில்லன்னு அவனுக்கு நல்லாத் தெரியும். காலாவதியான மருந்து வாங்குற பேரத்துல கியூபெக் ஆளுங்க ஒரு பையன போடணும்னு கேக்க, இத பாபி கையில குடுக்கிறான். மாண்ட்ரியல்ல ஒரு லாண்டரி ரூம்ல அந்தப் பையன் சாவுறான், அவனுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, கொழந்த யார்கிட்ட வளரணும்னு நடந்த தகராறு.
அடிச்சவன் மேல திருப்பிக் கை வெக்கல. அவன் கிட்ட இருந்த ஒரே சுத்தமான விஷயத்த எடுத்துக்கிட்டான்.

கணக்குப்புள்ள:
மருந்து விலை கொறஞ்சுதே மேடம்.

மழைக்காலம்:
கொறஞ்சுது. அனுப்ப டோனிக்கு வேற ஆளா இல்ல? இந்த மாதிரி வேலைய ஒரு கப் காபி குடிச்சிட்டு முடிச்சிட்டு வர்றவன் எத்தன பேரு அவன் கிட்ட இருந்தான், கொல்லத் தெரியாதவன பொறுக்கி எடுத்து அனுப்புறது எந்தத் தொழில் புத்தி?

பழைய டேப்:
டோனிக்குள்ள அந்த அசிங்கப்பட்ட பையன் எப்பவும் இருக்கான்ங்க. முதல் எபிசோட்லயே டாக்டர் மெல்ஃபி கிட்ட சொல்லுவான், இவன் பெரிய ஸ்போர்ட்ஸ்மேன் ஆகமாட்டான்னு ஜூனியர் மாமா கசின் பொண்ணுங்க முன்னாடி சொன்னாருன்னு. அஞ்சாவது சீசன்ல ஜூனியருக்கு புத்தி தடுமாறிடும், ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுல அதே வார்த்தைய திரும்பத் திரும்ப சொல்லுவாரு, டோனி பொறுக்க முடியாம எழுந்து போய்டுவான். அப்புறம் தனியா வந்து கேப்பான் பாருங்க, நல்லதா ஒண்ணும் ஞாபகம் வரலயா, என் மேல பாசமே இல்லயான்னு. காண்டோல்ஃபினியும் டொமினிக் கியானீஸும் அதுல நடிக்கவே இல்ல, வாழ்ந்துட்டாங்க.

கணக்குப்புள்ள:
அந்தக் காட்சிக்கு நானும் அடிமை. ஆனாலும் கடைசிப் போருக்கு வாங்க, அதுதான தொடரோட முடிவு. நியூயார்க் பாஸ் ஃபில் லியோட்டார்டோ கூட தகராறு ஆஸ்பெஸ்டாஸ் குப்பை கொட்டுற கமிஷன்ல. எத்தன சதவீதம்ங்கறதுலதான் பேச்சே முறியுது. இதுல யார் யார கேலி பண்ணா?

லேட் நைட் ராஜா:
கமிஷன் தகராறு பேசிட்டுதான் அண்ணே இருந்தாங்க, மாசக்கணக்கா. வெடிச்சது எப்ப? ஃபில் ஆளு கோகோ, டோனி பொண்ணு மெடோ கிட்ட அசிங்கமா பேசினதுக்கு டோனி போய் அவன் பல்ல பேத்த பிறகு. அதுக்கப்புறம் வீட்டு வாசலுக்கு வந்தவன ஃபில் மாடியிலேர்ந்து கத்தி வெரட்டுறான், பாத்துப் பேசக்கூட மாட்டேங்கறான். அவன் போர் முடிவு பண்ற பேச்ச போட்டுப் பாருங்க, ஆஸ்பெஸ்டாஸ் எவ்ளோ வருது, நியூஜெர்சி ஆளுங்க விரல்ல ஊசி குத்தி முறையா சேக்கறது கூட இல்ல, இவனுங்கல்லாம் ஒரு குடும்பமாங்கறது எவ்ளோ வருதுன்னு. எல்லிஸ் தீவுல (அமெரிக்காவுக்கு குடியேற வர்றவங்கள பதிவு பண்ண எடம்) தாத்தா பேர லியோனார்டோலேர்ந்து மாத்திட்டாங்கன்னு குமுறுற மனுஷன் அவன்.

மழைக்காலம்:
அந்தப் போர்ல ஃபில் ஆளுங்க முதல்ல சுட்டது யாரன்னும் சேத்துக்கோங்க ராஜா. கோகோ பல்ல ஒடச்சவனயா, மெடோ கிட்ட பேசினவனயா? பொம்ம ரயில் கடையில நின்னுட்டு இருந்த பாபிய. ஆரம்பத்துலேர்ந்து எல்லா கேலியும் வாங்கிட்டு பெருசா யாரையும் திருப்பி கேலி பண்ணாத மனுஷன். கணக்கு சார், அவரு செத்ததுல ரெண்டு பக்கத்துக்கும் எவ்ளோ லாபம்னு கொஞ்சம் போட்டுக் காட்டுங்க, நான் காத்திருக்கேன்.