பெஞ்சில் உட்கார வைத்தது தப்பா, எழுந்து போனது தப்பா?

பந்துக்காரன்
அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் மிலேசியா ஃபுல்வைலி 2025 ஏப்ரலில் சவுத் கரோலினா பல்கலைக்கழக அணியை விட்டு எல்எஸ்யூவுக்கு (லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) போனதற்கு எல்லோரும் அந்தப் பெண்ணைத்தான் திட்டுகிறார்கள். நான் சவுத் கரோலினா கோச் டான் ஸ்டேலியைத்தான் சொல்வேன். பல்கலைக்கழகம் இருக்கும் அதே கொலம்பியா ஊர்ப் பெண். 2023 நவம்பரில் பாரிஸில் நோட்ர டேமுக்கு எதிராக ஆடிய முதல் ஆட்டத்திலேயே, பந்தை முதுகுக்குப் பின்னால் மாற்றி எடுத்துக்கொண்டு போய்க் கூடையில் போட்டாளே, அந்த வீடியோவைப் பார்க்காதவர் யார்? அவளுக்கு இரண்டாம் ஆண்டிலும் சராசரியாக 20 நிமிடம் முழுசாகக் கிடைக்கவில்லை. அவர்கள் ஆடும் எஸ்இசி லீகின் சிறந்த ஆறாவது ஆட்டக்காரி, அதாவது முதல் ஐவரில் இல்லாமல் பெஞ்சிலிருந்து வந்து ஆடுபவர்களில் சிறந்தவள், என்று விருது மட்டும் வந்தது. சாப்பாடு போடாமல் தாம்பூலப் பையைக் கையில் கொடுத்து அனுப்புகிற கதை.

கோடைமழை
சார், ஒரு சின்னக் கணக்கு. ஆட்டம் 40 நிமிடம், களத்தில் 5 பேர். ஆக மொத்தம் 200 நிமிடம். அதற்குமேல் ஒரு நிமிடம்கூட எந்தக் கோச்சாலும் உண்டாக்க முடியாது. பத்துப் பேரை ஆட வைத்தால் ஆளுக்கு 20. ஸ்டேலி அப்படித்தான் பங்கு போடுகிறார், பலனையும் பார்த்தோம். 2024 தேசிய இறுதி ஆட்டத்தில் அயோவாவை 87-75 என்று ஜெயித்தார்கள். அதில் சவுத் கரோலினா பெஞ்ச் எடுத்தது 37 புள்ளி, அயோவா பெஞ்ச் எடுத்தது பூஜ்யம். முதலாண்டுப் பெண் டெஸ்ஸா ஜான்சன் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து 19 போட்டாள். அயோவாவின் நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க் 30 எடுத்தும் போதவில்லை. அந்த சீசன் 38-0. இதைத் தப்பு என்று சொல்ல ரொம்பத் துணிச்சல் வேண்டும்.

பந்துக்காரன்
துணிச்சல் இருக்கிறது. அடுத்த வருஷ இறுதி ஆட்டத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதே பெஞ்ச், அதே கோச், யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) 82-59 என்று அடித்துத் துவைத்தது. அங்கே சாரா ஸ்ட்ராங் முதலாண்டுப் பெண்தான்: 24 புள்ளி, 15 ரீபவுண்ட். யூகான் கோச் ஜீனோ ஆரியம்மா அவளை ஆறாவது ஆளாக வைத்து அழகு பார்க்கவில்லை. நல்ல ஆட்டக்காரி கிடைத்தால் களத்தில் விடவேண்டும். ஒரு தடவை பந்தைத் தவறவிட்டதும் திரும்பிப் பார்த்தால் கோச் பக்கத்தில் மாற்று ஆள் தயாராக நிற்கிறாள் என்றால், யாருக்குக் கை நடுங்காது?

கோடைமழை
அதே யூகான் 2023 ஜனவரியில் டிபால் அணியோடு ஆடவேண்டிய ஆட்டத்தைத் தள்ளிவைத்தது ஞாபகம் இருக்கிறதா? அவர்கள் ஆடும் பிக் ஈஸ்ட் லீக் விதிப்படி ஸ்காலர்ஷிப் ஆட்டக்காரிகள் 7 பேராவது தேறவேண்டும். காயத்தில் போனவர்கள் போக அந்த ஏழு பேர் தேறவில்லை. டிசியு (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) கதை இன்னும் மோசம். 2024 ஜனவரியில் ஆளில்லாமல் இரண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, ஆட வருகிறவர்கள் வரலாம் என்று வளாக மாணவிகளுக்கு அறிவிப்பு வைத்து நாலு பேரைச் சேர்த்தார்கள். அதில் ஒருத்தி வாலிபால் ஆட்டக்காரி! ஆள் பலம் ஆடம்பரம் இல்லை சார்.

தூரத்து ரசிகன்
டிசியுவை இழுத்ததால் மீதியையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த சீசனே கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் போர்ட்டலில் ஹெய்லி வான் லித்தைக் கொண்டுவந்தார்கள். லூயிவில், எல்எஸ்யூ இரண்டிலும் ஆடிவிட்டு வந்தவர். அந்த அணி பிக் 12 லீக் பட்டத்தை எடுத்து, கல்லூரி வரலாற்றிலேயே முதல்முறையாகத் தேசியப் போட்டியில் கடைசி எட்டுக்குப் போனது. 2021-க்கு முன்னால் கல்லூரி மாறினால் பொதுவாக ஒரு வருஷம் ஆடாமல் இருக்கவேண்டும். அந்த வருஷம் ஒரு தடவைக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். 2024-இல், படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. பழைய காலத்தில் ஃபுல்வைலி பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் ஆண்டும் காத்திருப்பாள். இப்போது எதற்கு? ஸ்டேலியும் ஒன்றும் சும்மா உட்காரவில்லை. 2024-25 சீசனில் நாட்டிலேயே அதிகப் புள்ளிச் சராசரி எடுத்த டனியா லாட்சனை ஃப்ளோரிடா ஸ்டேட்டிலிருந்து, ஃபுல்வைலி போன அதே மாதம் அழைத்துவந்துவிட்டார். கோச் ஆள் தேடினால் திட்டமிடல், பெண் இடம் தேடினால் துரோகமா?

கோடைமழை
துரோகம் என்று நான் எங்கே சொன்னேன்? வைத்திருந்தது தப்பில்லை என்றுதான் சொன்னேன்.

பெஞ்ச்_அம்மா
நீங்கள் பேசுவதெல்லாம் டிவியில் வரும் பெஞ்ச். நான் உட்காருவது பள்ளிக்கூட ஜிம் படிக்கட்டில். என் மகள் பதினொன்றாம் வகுப்பு. போன மாதம் ஒரு ஆட்டத்தில் நாலாம் கால்பகுதி தொடங்கியதும் மேலே போட்டிருந்த ஜாக்கெட்டின் பட்டனைக் கழற்றி விட்டுக்கொண்டாள், கூப்பிட்டால் உடனே எழுந்து ஓட வசதியாக. கூப்பிடவில்லை. மணி அடித்ததும் ஒவ்வொரு பட்டனாக மறுபடி போட்டுக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை காரில் பேச்சே இல்லை. ஒரு கல்லூரி அணியில் 15 பேர். அதில் ஐந்தாறு பேராவது வாரா வாரம் இப்படித்தான் பட்டன் போடுவார்கள். அவர்களுக்கும் ஊரில் ஒரு காலத்தில் முதல் பக்கத்தில் போட்டோ வந்திருக்கும்.

பந்துக்காரன்
இதைத்தான் அம்மா நானும் சொல்கிறேன்.

பெஞ்ச்_அம்மா
இல்லை தம்பி, நீங்கள் கோச்சைத் திட்டுகிறீர்கள். எனக்கு அந்தக் கோச் மேல் கோபம் இல்லை. ஜெயித்தார்கள், மூன்றே புள்ளி வித்தியாசத்தில். நானாக இருந்தாலும் அந்த நேரத்தில் ஆளை மாற்றியிருக்க மாட்டேன். ஆனால் ஏன் இறக்கவில்லை என்று அப்புறம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

கோடைமழை
அக்கா, வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாமே?

பெஞ்ச்_அம்மா
கேட்டுப் பார்த்தேன். வேண்டாமாம். அவள் இடத்தில் ஆடுகிற இரண்டு பேரும் வரும் ஜூனில் பள்ளி முடித்துப் போகிறார்கள், கீழ் வகுப்பில் அந்த இடத்துக்கு ஆள் இல்லை என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். பக்கத்து ஊரிலிருந்து யாராவது மாறி வந்தால் என்ன செய்வாய் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.