புதுப்பிப்பு: பிரிண்டரில் நீலம் திரும்பி வந்துவிட்டது

பள்ளி விடுமுறை முழுக்கச் சும்மா கிடந்த இங்க் டேங்க் பிரிண்டரில் நீலம் கோடு கோடாக விழுகிறது, கோயில் திருவிழா நோட்டீஸ் அடிக்க முடியவில்லை என்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதியிருந்தேனே, அது சரியாகிவிட்டது.

ஹெட் கிளீனிங்கை (மை தெளிக்கும் பாகமான ஹெட்டைப் பிரிண்டரே சுத்தம் செய்வது) திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்ன அண்ணன்மார் கோபிக்க வேண்டாம். அதில் மைதான் வீணாகி, உள்ளே இருக்கும் கழிவுப் பஞ்சில் போய்ச் சேருகிறது. ஹெட் ஓய்வெடுக்கும் இடத்தில் சின்ன ரப்பர் மூடி ஒன்று உண்டு. அதன் விளிம்பைச் சுற்றிக் கருப்பாகக் களி மாதிரி மை உறைந்திருந்தது. காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் அதை மெதுவாகத் துடைத்தேன். மூடிக்குள் சில சொட்டு விட்டு, ஹெட்டை அதன்மேல் இரவு முழுக்க நிறுத்தினேன். காலையில் ஒரே ஒரு கிளீனிங், அப்புறம் நோசில் செக் (மைத் துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் சோதனைப் பக்கம்): நீலம் முழுசு! குழாய்த் தண்ணீர் மட்டும் வேண்டாம், அதிலுள்ள உப்பு துளைகளில் படியும்.

இடி மின்னலுக்குப் பயந்து பிளக்கைப் பிடுங்கும் பழக்கம் நம் தோட்டப் பக்கம் எல்லார் வீட்டிலும் உண்டு. பிடுங்குங்கள், ஆனால் முதலில் பிரிண்டரின் பவர் பொத்தானை அழுத்தி அணையுங்கள், சத்தம் அடங்கட்டும். அப்போதுதான் ஹெட் மூடிமேல் போய் உட்காரும். வாரத்துக்கு ஒரு கலர் பக்கமாவது அடித்துவிடுங்கள்.