உயிர்க்கடலியல்: என் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

மரைன் பயாலஜி, ஓஷனோகிராஃபி என்ற இரண்டு துறைகளுக்கும் தமிழில் 'கடலியல்' என்று பொதுவாக வைத்துக்கொண்டால் போதும் என்ற கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஓஷனோகிராஃபியைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த 'கடல்வரைவியல்' அதைவிடச் சிக்கல். ஆழம் அளந்து கப்பல்களுக்கு வரைபடம் போடுவது ஹைட்ரோகிராஃபி என்ற தனித் துறை. நம் நாட்டில் கடற்படையின் கீழ் இயங்கும் அதன் தலைமையகம் கடலே இல்லாத டேராடூனில் இருக்கிறது! 'வரைவியலை' அவர்களுக்கே விட்டுவிடலாம்.

இத்துறைகள் எங்கே பிரிகின்றன என்று பார்க்க, நெய்ச்சாளை (மத்தி) மீனை எடுத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவத்தில் கேரளக் கரையோரமாகக் காற்று தெற்கு நோக்கி வீசும்போது, புவிச்சுழற்சியின் விளைவால் மேல்நீர் கரையை விட்டு விலகுகிறது. அந்த இடத்துக்குக் கீழிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. அதில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைய. வெயில் படும் மேல்மட்டத்தில் நுண்பாசிகள் பெருகுகின்றன. அவற்றைத் தின்ன சாளைக் கூட்டம் சேர்கிறது.

சாளையின் வயிற்றைக் கீறி, அது தின்ற டயட்டம் என்ற நுண்பாசிகளை நுண்ணோக்கியில் பார்த்து, சினை எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று குறிப்பவர் உயிரியலாளர். அவருக்கு மீன்தான் மையம். காற்றின் வேகம், நீரின் வெப்பம், உப்பு, அது எவ்வளவு ஆழத்திலிருந்து ஏறியது என்று கணக்குப் போடுபவருக்கு மீனே தேவையில்லை. கடல்நீர்தான் அவருடைய பொருள். ஆக, முதலாமவர் துறை கடலுயிரியல், இரண்டாமவர் துறை கடலியல். இதுவரை சிக்கல் இல்லை.

ஆனால் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். ஏறி வந்த நைட்ரேட்டால் எவ்வளவு பாசி விளைந்தது, அந்தப் பாசியில் சேர்ந்த கரிமத்தில் (கார்பன்) மீனுக்குப் போனது எவ்வளவு, அடியில் படிந்தது எவ்வளவு என்று கேட்பவர். பயாலஜிக்கல் ஓஷனோகிராஃபி என்பது இவருடைய துறை. ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் மீனவர்களுக்குத் தரும் மீன்வள அறிவிப்பும் இந்த வழியில் வந்ததுதான். செயற்கைக்கோள் மீனைப் பார்ப்பதில்லை. நீரின் வெப்பத்தையும் பச்சையத்தையும் பார்த்து, மீன் சேரக்கூடிய இடம் கணிக்கப்படுகிறது.

இதற்குத்தான் 'உயிர்க்கடலியல்' என்கிறேன். கடலுயிரியல், உயிர்க்கடலியல் என்று திருப்பிப் போட்டால் மாணவர் குழம்புவார்கள் என்ற ஆட்சேபம் வந்தது. நியாயம்தான், முதல் வாரம் குழம்புவார்கள். ஆனால் தமிழில் கடைசிச் சொல்தான் தலை. உயிரியலில் முடிந்தால் உயிரியல், கடலியலில் முடிந்தால் கடலியல். 'கடல்சார் உயிரியல்' என்றே எழுதுகிறவர்கள் எழுதட்டும், குழப்பம் இன்னும் குறையும். 'உயிரியல் கடலியல்' என்பது மட்டும் வேண்டாம், இரண்டு 'இயல்' ஒன்றையொன்று இடிக்கிறது.

இதே அச்சில் கெமிக்கல் ஓஷனோகிராஃபிக்கு வேதிக்கடலியல் சரியாக வருகிறது. கடலடி மண்ணையும் பாறையையும் ஆராயும் ஜியாலஜிக்கல் ஓஷனோகிராஃபிதான் மாட்டிக்கொண்டது. 'புவிக்கடலியல்' என்றால் புவியியல் பாட நினைவு வருகிறது. நிலவியலை வைத்து 'நிலக்கடலியல்' என்று எழுதிப் பார்த்தேன், நிலக்கடலை ஆராய்ச்சி போல இருக்கிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.